மலாவி தெரியும், சாட் தெரியாது: பொருளியல் ஆய்வு எந்த ஊர்களுக்குப் போகிறது?

பொருளியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வகுப்பில் படிக்கும் ஆய்வுக்கட்டுரைகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவைப் பற்றியவை. ஆப்பிரிக்கா என்று வந்தால் திரும்பத் திரும்பக் கென்யாதான். உலகத்தின் மற்ற இடங்களைப் பொருளியல் துறை எப்படித்தான் ஆராய்கிறது? அந்த முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?"

உங்கள் கண்ணில் பட்டது சரிதான். அதை ஒருவர் எண்ணியே பார்த்திருக்கிறார். உலக வங்கியில் இருந்த ஜிஷ்ணு தாஸும் அவருடைய சகாக்களும் 1985 முதல் 2005 வரை ஆய்விதழ்களில் வந்த 76,046 கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நாட்டைப் பற்றியது என்று பிரித்தார்கள். இருபது ஆண்டுகளில் புருண்டியைப் பற்றி 4 கட்டுரைகள். கம்போடியாவைப் பற்றி 9. மாலியைப் பற்றி 27. அமெரிக்காவைப் பற்றி 36 ஆயிரத்துக்கும் மேல்.

இந்த எண்களைப் பார்த்ததும் அமெரிக்காவுக்குத் தனிச் சலுகை கிடைக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அவர்கள் கண்டது இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு நாட்டின் வருமானமும் மக்கள்தொகையும் கூடக்கூட அதைப் பற்றிய ஆய்வும் கூடுகிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அமெரிக்காவைப் பற்றிய கட்டுரைகளின் எண்ணிக்கை விதிவிலக்கே இல்லை. பணக்கார நாடு, பெரிய நாடு, அதற்கேற்ற அளவு ஆய்வு. விதிவிலக்கு வேறு இடத்தில் இருக்கிறது. துறையில் முதல் வரிசை என்று கொண்டாடப்படும் ஐந்து ஆய்விதழ்கள் உண்டு. பேராசிரியர் வேலையும் பதவி உயர்வும் பெரும்பாலும் அவற்றில் எழுதியதை வைத்தே கிடைக்கின்றன. மற்ற நாடுகளைப் பற்றிய கட்டுரைகளில் 1.5 சதவீதம்தான் அந்த ஐந்தில் இடம் பிடிக்கிறது. அமெரிக்காவைப் பற்றியது என்றால் அந்த வாய்ப்பு 2.6 சதவீதப் புள்ளிகள் கூடிவிடுகிறது. எழுதியவர் எந்தப் பல்கலைக்கழகம் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் போகவில்லை.

சரி, ஏழை நாடு என்பதால் ஆய்வு குறைவு என்று இதோடு முடித்துவிடலாமா? முடியாது. ஏழை நாடுகளுக்குள்ளேயே பெரிய மேடு பள்ளம் இருக்கிறது. ஓபி போர்ட்டியஸ் என்ற பொருளியலாளர் ஆப்பிரிக்காவைப் பற்றிய 27 ஆயிரம் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தார். அவற்றில் 45 சதவீதம் ஐந்தே நாடுகளைப் பற்றியவை: கென்யா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா, கானா, மலாவி. கண்டத்தின் மக்களில் 16 சதவீதம் பேர்தான் அங்கே வாழ்கிறார்கள். முதல் வரிசை ஆய்விதழ்களை மட்டும் எடுத்தால் இந்த ஐந்து நாடுகளின் பங்கு 65 சதவீதமாக ஏறுகிறது.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். எந்த நாட்டைப் பற்றி எத்தனை கட்டுரை வரும் என்பதை எது தீர்மானிக்கிறது? நான்கு விஷயங்களே போதும் என்று காட்டினார்: மக்கள்தொகை, நாட்டில் எவ்வளவு அமைதி, ஆங்கிலம் ஆட்சிமொழியா, ஆண்டுக்கு எத்தனை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டில் 91 சதவீதத்தை இந்த நான்கும் சேர்ந்து விளக்கிவிடுகின்றன. சுற்றுலாப் பயணி எங்கே போவாரோ ஆய்வாளரும் அங்கேயே போயிருக்கிறார்.

மலாவியையும் சாடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டும் கடற்கரை இல்லாத நாடுகள், இரண்டும் மிக ஏழை நாடுகள். மலாவி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலத்தில் அரசு நடக்கிறது. பெரிய போர் இல்லை. உலக வங்கி உதவியோடு விவசாயக் குடும்பங்களைப் பற்றிய விரிவான கணக்கெடுப்பு அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது, யார் வேண்டுமானாலும் தரவை இறக்கிக்கொள்ளலாம். சாட் பிரெஞ்சும் அரபும் ஆட்சிமொழியாக உள்ள நாடு. பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போர். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2009இல். உர மானியம் கொடுத்தால் சிறு விவசாயி என்ன செய்வார் என்று கேட்டால் மலாவியைக் காட்டிப் பக்கம் பக்கமாகப் பதில் சொல்ல முடியும். சாட் விவசாயியைப் பற்றிக் கேட்டால், மலாவிக்காரர் செய்ததையே அவரும் செய்வார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு முனைவர் பட்ட மாணவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கையில் ஐந்தாறு ஆண்டுகள். அதற்குள் கட்டுரை எழுதி வேலை தேட வேண்டும். வழிகாட்டிக்குத் தெரிந்த தொண்டு நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போனால் முதல் நாளே வேலை ஆரம்பிக்கும். சண்டை நடக்கும் பகுதி என்றால் பல்கலைக்கழகம் அனுமதி தராது, காப்பீடு கிடைக்காது. புதிய மொழி கற்க இரண்டு ஆண்டு. தரவே இல்லாத நாட்டில் தரவைத் திரட்டவே மூன்று ஆண்டு. ஆயிரம் பேர் தனித்தனியாக எடுக்கும் நியாயமான முடிவுகள் சேர்ந்துதான் உலக வரைபடத்தில் இத்தனை வெற்றிடங்கள் விழுகின்றன.

கென்யா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டீர்களே, அதில் ஒரு தனிமனிதரின் கதையும் கலந்திருக்கிறது. மைக்கேல் கிரேமர் என்ற பொருளியலாளர் கல்லூரி முடித்த கையோடு கென்யாவில் ஒரு பள்ளியில் ஓராண்டு பாடம் நடத்தியவர். 1990களில் மறுபடி அங்கே போனபோது, தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த நண்பர் புதிதாகச் சில பள்ளிகளுக்கு உதவப் போவதாகச் சொன்னார். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காமல், சில பள்ளிகளுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பின்னாலும் கொடுத்தால் பலன் எவ்வளவு என்று அளக்கலாமே என்று பேச்சு வந்தது. மேற்குக் கென்யாவின் புசியாவில் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்து நடத்திய ஆய்வு அதன் தொடர்ச்சி. கிரேமரும் எட்வர்ட் மிகெலும் எழுதி 2004இல் வந்த கட்டுரை, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் போவது நாலில் ஒரு பங்கு குறைந்தது என்றது. அந்த முடிவைப் பற்றிப் பிற்பாடு பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனால் ஆய்வு நடந்ததில் புசியாவில் கணக்கெடுப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள், அலுவலகம் உருவானது, ஊர் வரைபடங்கள் தயாராயின. அடுத்து வந்தவருக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கட்டுரைகளே அரிதான நாடுகள் எத்தனையோ இருக்க, புசியா உலகத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாகிவிட்டது.

இனி, போக முடியாத இடங்களை எப்படி ஆராய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பல காலம் இதற்கு வழி, நாடுகளை வரிசையாக வைத்து ஒப்பிடுவது. 1991இல் ராபர்ட் பாரோ 98 நாடுகளின் வளர்ச்சியை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை அந்த வழியில் பெரிய மைல்கல். கல்வி, முதலீடு, அரசுச் செலவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ச்சி குறைவாக இருந்தது. அதை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடு என்றால் 1, இல்லையென்றால் 0. அந்த ஒற்றை இலக்கத்துக்குள் போட்ஸ்வானாவும் சயீரும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அடுத்த பத்தாண்டு முழுக்க அந்த 1 ஏன் வருகிறது என்று விளக்கவே கட்டுரைகள் எழுதப்பட்டன. இனப் பன்மைதான் காரணம் என்று 1997இல் வந்த புகழ்பெற்ற கட்டுரை பயன்படுத்திய அளவுகோல், சோவியத் இனவரைவியலாளர்கள் 1964இல் வெளியிட்ட ஒரு வரைபடத் தொகுப்பிலிருந்து வந்தது. மாஸ்கோவில் போட்ட பட்டியலை வைத்து வாஷிங்டனில் ஆப்பிரிக்காவுக்கு விளக்கம் எழுதினார்கள்.

அந்த ஒப்பீடுகளின் அடியில் இருந்த வருமானக் கணக்கே ஆட்டம் கண்டது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. 2010 நவம்பரில் கானா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் புதிய அடிப்படை ஆண்டை வைத்துத் திருத்தியது. பொருளாதாரம் ஏறக்குறைய 60 சதவீதம் பெரிதானது. 2014 ஏப்ரலில் நைஜீரியா அதையே செய்தது. 89 சதவீதம் கூடியது, தென்னாப்பிரிக்காவைத் தாண்டிக் கண்டத்தின் முதல் பொருளாதாரம் ஆனது. முந்தைய நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் நைஜீரியர் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. 1990ஆம் ஆண்டின் பொருளாதார அமைப்பை வைத்தே அதுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1990இல் கைப்பேசி இல்லை. நைஜீரியத் திரைத்துறை இன்றைய அளவில் இல்லை. கைப்பேசிக் கடைகள், ரீசார்ஜ் விற்கும் பெட்டிக்கடைகள், படம் எடுப்பவர்கள், இவ்வளவு பேரின் சம்பாத்தியம் சரியாக ஏறவே இல்லை. இதைப் பற்றி நார்வேக்காரரான மோர்டன் யெர்வன் பல நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்களுக்கு நேரில் போய் விசாரித்து எழுதினார். பல அலுவலகங்களில் ஒரு சிலரே இருந்துகொண்டு, பழைய எண்ணை ஒரு விகிதத்தால் பெருக்கி அடுத்த ஆண்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசு கடைசியாகத் தன் மக்களை எண்ணியது 1984இல். அந்த நாட்டின் தனிநபர் வருமானம் என்று ஒரு அட்டவணையில் எண் இருந்தால், அதன் கீழே வகுக்கும் எண்ணே ஊகம் என்பதை நினைவில் வையுங்கள்.

வானத்திலிருந்து பார்ப்பது அடுத்த வழி. இரவில் தெரியும் வெளிச்சத்தைச் செயற்கைக்கோள்கள் 1992 முதல் ஆண்டுதோறும் தொகுத்து வைத்திருக்கின்றன. கணக்கு நம்பகமாக இல்லாத நாடுகளில் வெளிச்சம் எவ்வளவு கூடியது என்பதை வைத்து வளர்ச்சியைத் திருத்திச் சொல்லலாம் என்று ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வைல் மூவரும் 2012இல் காட்டினார்கள். போர் நடக்கும் இடத்தையும் எல்லைப்புற மாவட்டத்தையும்கூட இப்படிப் பார்க்க முடிகிறது. உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் மின்சாரமே இல்லாத இரண்டு கிராமங்களில் ஒன்றில் நல்ல விளைச்சல், மற்றதில் பஞ்சம் என்றால் செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஒரே இருட்டு. நாம் யாரைத் தேடிப் போகிறோமோ அவர்கள்தான் அந்தப் படத்தில் தெரிவதில்லை.

அதனால் கடைசியில் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருந்து சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு குடும்பச் செலவுக் கணக்கெடுப்புக்குப் போனேன். கேள்வித்தாள் தடிமனாக ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. முதல் பக்கத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்'. அந்த அம்மா தன் கணவர் பெயரைச் சொன்னார். அவர் திருப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார் என்பது பேச்சுவாக்கில் வந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'கடந்த 30 நாளில் சமையல் எண்ணெய் எத்தனை லிட்டர்?' என்று கேட்டேன். "லிட்டர் கணக்கெல்லாம் எங்க தம்பி தெரியும்? அன்னன்னைக்கு அஞ்சு ரூவா பாக்கெட்டு ஒண்ணு வாங்குவேன். கையில காசு இல்லாத அன்னைக்குப் பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி" என்றார். நான் மனக்கணக்குப் போட்டு ஒரு எண்ணை எழுதினேன். பக்கத்து வீட்டுக் கரண்டியை எழுதவில்லை. அந்த எண் எங்கோ ஒரு சராசரியில் போய்ச் சேர்ந்திருக்கும். இன்றைக்கும் ஒரு கட்டுரையில் நுகர்வு அட்டவணையைப் பார்த்தால் எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வருகிறது.

கேட்கும் விதம் மாறினால் விடை மாறும் என்பதை நம் நாடே பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1999–2000இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றில், உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்குமாக ஒரே படிவத்தில் அடுத்தடுத்த பத்தியில் கேட்டார்கள். ஒன்றைச் சொன்னவர் மற்றதை அதற்கு ஒத்துப்போகும்படி சொல்வது இயல்புதானே. முந்தைய சுற்றுகளோடு ஒப்பிடவே முடியாமல் போய், இந்தியாவில் வறுமை குறைந்ததா இல்லையா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. தான்சானியாவில் 4,000 குடும்பங்களை எட்டுப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிடமும் வேறுவேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒரே நாடு, ஒரே காலம். படிவத்தைப் பொறுத்துச் செலவுக் கணக்கு மாறியது.

கணக்கெடுப்பே நுழையாத ஊர் என்றால் இன்னும் மோசம். இதைச் சொல்ல நாம் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. இலங்கையை வளர்ச்சிப் பொருளியல் பாடப்புத்தகங்கள் கொண்டாடும்: குறைந்த வருமானத்திலேயே நீண்ட ஆயுள், நல்ல படிப்பு, குறைந்த குழந்தை இறப்பு. அந்தப் புகழுக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் போர்க்காலத்தில் வந்த 'இலங்கை' என்ற எண்களை எடுத்துப் பாருங்கள். 1993இல் நடந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வு வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டது. 1990களின் குடும்ப வருமான, செலவு ஆய்வுகளும் அப்படியே. 2006–07 உடல்நல ஆய்வில் வட மாகாணம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1981க்குப் பிறகு தீவு முழுக்க நடந்தது 2012இல்தான். நடுவில் 2001இல் எடுத்தது வடக்கு கிழக்கின் பல மாவட்டங்களில் முடியவில்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர், மருந்து போய்ச் சேராத ஊரில் பிள்ளை பெற்றவர், கடலுக்குப் போகத் தடை இருந்த மீனவர், இவர்கள் யாரும் இல்லாமல் கணக்கிட்ட சராசரி அது. 'வடக்கு, கிழக்கு நீங்கலாக' என்று அறிக்கையில் ஒரு வரி நேர்மையாகவே இருக்கும். அந்த எண் ஒரு சர்வதேச அட்டவணைக்குப் போகும், அங்கிருந்து ஒரு கட்டுரைக்குப் போகும், எங்கோ வழியில் அந்த வரி உதிர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரரோ மட்டக்களப்புக்காரரோ அந்தக் கட்டுரையைப் படித்தால் தம் நாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று யோசிப்பார். எனக்கு இந்தத் துறையில் மனதை மிகவும் உறுத்துவது இதுதான். தரவு இல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் துயரம் அதிகம். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் நாடு நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்துப் பலனை அளக்கும் குலுக்கல் முறைச் சோதனைகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவை நிறைய நல்லது செய்திருக்கின்றன. ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் 134 கிராமங்களில் நடந்த தடுப்பூசி ஆய்வைப் பாருங்கள். ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39. அறையில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாத பதில் இது. தமிழ்நாட்டிலும் கொரோனா பள்ளி மூடலுக்குப் பின் ஊரகப் பகுதியில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்து ஓர் ஆய்வு நடந்தது. சோதனை என்று எதையும் கொடுக்காமல் அளந்து மட்டுமே பார்த்தது அது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கண்டார்கள்.

ஆனால் சோதனைக்கு ஆட்பட்டவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். நைரோபியின் குடிசைப் பகுதி ஒன்றில், தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்த வீட்டுக்காரர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆய்வைப் பற்றி 2020இல் தெரியவந்தது. பாக்கி வைத்தவர் வீட்டுக்காரர். குழாயில் தண்ணீர் நின்றால் குடம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவர் வாடகைக்கு இருப்பவர். துண்டிப்பது அங்கே ஏற்கெனவே உள்ள விதிதான் என்றார்கள் ஆய்வாளர்கள். இதே சோதனையைத் தங்கள் சொந்த ஊரில் நடத்தியிருப்பார்களா என்று ஆப்பிரிக்கப் பொருளியலாளர்கள் பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

நான் அதிகம் மதிப்பது மெதுவாக, ஒரே ஊரில் கிடந்து செய்த ஆய்வுகளை. கானாவின் கோகோ விவசாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 வாக்கில் அந்தச் சிறு காலனி உலகத்திலேயே அதிகக் கோகோ விளைவிக்கும் இடமாகிவிட்டது. எப்படி என்று கேட்டால், குடிசையைச் சுற்றி நாலு மரம் வைத்த ஏழைக் குடியானவர்களால் என்று காலனி அதிகாரிகள் நம்பினார்கள். பாலி ஹில் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1950களில் ஊர் ஊராக நடந்து, நிலம் வாங்கிய கதையைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டார். உண்மை வேறு மாதிரி இருந்தது. அவர்கள் சொந்த ஊரை விட்டுக் காட்டுப் பகுதிக்குப் போய், கூட்டாகப் பணம் போட்டு நிலம் வாங்கி, கயிற்றால் அளந்து நீளநீளப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டவர்கள். ஒரு தோட்டத்தின் லாபத்தில் அடுத்த நிலம் வாங்கியவர்கள். அப்பட்டமான முதலீட்டாளர்கள். அரை நூற்றாண்டுக் காலம் அரசாங்கத்தின் கண்முன்னே நடந்தும் யாரும் கேட்காததால் தெரியாமலே இருந்தது.

நம் பக்கத்தில், ஹைதராபாத்துக்கு அருகே உள்ள, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் 1975இல் ஆறு கிராமங்களில் ஆட்களைத் தங்கவைத்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தது. அன்றைய மகபூப்நகர் மாவட்டத்து அவுரேபல்லி, சோலாப்பூர் பக்கத்து ஷிராபூர், அகோலா பக்கத்து கான்சாரா, இந்த மூன்று ஊர்களில் ஊருக்கு ஏறக்குறைய 40 குடும்பம். மழை பொய்த்தால் ஒரு குடும்பத்தின் வருமானம் விழுகிறது, சாப்பாடு அந்த அளவு விழுகிறதா? ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் இந்தத் தரவை வைத்துப் பார்த்தார். அவ்வளவு விழவில்லை, ஊருக்குள் கடனும் கைமாற்றும் நன்றாகவே தாங்குகின்றன என்று கண்டார். நான் சொன்ன அந்த எண்ணெய்க் கரண்டி இங்கே ஆய்வுக்குள் வந்துவிட்டது. வேறு இருவர் அதே ஊர்த் தரவில், பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுப்பதே இந்தக் குடும்பங்களுக்கு ஒரு காப்பீடு போல் உதவுகிறது என்று காட்டினார்கள். இரண்டு ஊரிலும் ஒரே ஆண்டில் மழை பொய்க்காதே. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூன்று ஊர்களின் சுமார் 120 குடும்பங்கள் உலக வகுப்பறைகளில் 'இந்தியக் கிராமம்' ஆகிவிட்டன. அவுரேபல்லியைத் தஞ்சாவூர் டெல்டாவில் வைத்து யோசித்தால் அது எவ்வளவு பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கெல்லாம் முன்னோடி சென்னையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். உன் ஊரில் யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, எழுதிக்கொண்டு வா என்றார். 1916இல் அப்படி எழுதப்பட்ட ஊர்களில் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு ஒன்று; இன்றைக்கு விழுப்புரம் மாவட்டம். அதே ஊருக்கு 1930களிலும் 1961இலும் 1981இலும் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பிப் போனார்கள். ஊரை ஆட்டிவைத்த பெரும் நிலக்கிழார் குடும்பத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலி வேலை எப்படி வயலை விட்டு வெளியே போனது என்று ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஒரே ஊரில் நின்று பார்க்க முடிகிறது. புருண்டிக்கோ சாடுக்கோ இப்படி ஒரு ஊர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்லேட்டரின் மாணவர்கள் தங்கள் ஊரைத் தாங்களே எழுதினார்கள். இன்று நிலைமை என்ன? 1990 முதல் 2019 வரை வளர்ச்சிப் பொருளியல் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை உருகுவேயைச் சேர்ந்த வெரோனிக்கா அமரான்டேயும் சகாக்களும் எண்ணினார்கள். வளரும் நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்கள் மட்டும் எழுதியவை 16 சதவீதம். பணக்கார நாடுகளில் இருப்பவர்கள் மட்டும் எழுதியவை 73. மீதி கூட்டாக. தலைப்பு வைப்பதிலும் இது தெரியும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சமூக அறிவியல் கட்டுரைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. ஏழை நாட்டைப் பற்றியது என்றால் தலைப்பில் நாட்டின் பெயர் இருக்கும். அமெரிக்காவையோ ஐரோப்பாவையோ பற்றியது என்றால் பெரும்பாலும் இருக்காது. ஓஹையோவில் கண்டது மனித இயல்பு ஆகிவிடுகிறது, மலாவியில் கண்டது மலாவியின் கதையாகவே நின்றுவிடுகிறது.

யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கோட்பாடே மாறும். ரவுல் பிரெபிஷ் 1930களின் உலக மந்தத்தின்போது அர்ஜென்டினாவின் மத்திய வங்கியில் இருந்தவர். கோதுமையும் இறைச்சியும் விற்று இயந்திரம் வாங்கும் நாட்டுக்கு ஏன் கை இறங்கிக்கொண்டே போகிறது என்ற கேள்வி அவருக்கு அங்கே எழுந்தது. லண்டனில் இருந்தவருக்கு எழுந்திருக்காது. செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ், உபரி உழைப்பு நிறைந்த நாடு எப்படித் தொழில் நாடாகும் என்று 1954இல் எழுதியதுதான் இந்தத் துறைக்கே அடித்தளம். 1979இல் நோபல் பரிசு பெற்றார். நைரோபியில் 1988 முதல் இயங்கும் ஆப்பிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்பு போன்றவை ஆப்பிரிக்க ஆய்வாளர்களை அங்கேயே பயிற்றுவிக்கின்றன. எனக்கு நம்பிக்கை தருவது இத்தகைய வேலைதான்.

எவ்வளவு நம்பலாம் என்ற உங்கள் கடைசிக் கேள்வி. ஒரு கட்டுரை ஒரு மாவட்டத்தில் ஒரு காலத்தில் என்ன நடந்தது என்று சொன்னால், நன்றாகச் செய்த ஆய்வாக இருந்தால், தாராளமாக நம்புங்கள். ஒரு கண்டத்தைப் பற்றிச் சொன்னால், எந்தெந்த நாடுகளை வைத்துச் சொல்கிறது என்று தரவுப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். 'நீங்கலாக' என்ற சொல்லைத் தேடுங்கள். நாட்டு வருமான வளர்ச்சி என்றால் அடிப்படை ஆண்டு எது என்று பாருங்கள். தரவைத் திரட்டியது யார், யார் பணத்தில் என்றும் பாருங்கள். இது வெறும் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். 1984இல் தொடங்கி 90 நாடுகளில் 400க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளை நடத்திய மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் திட்டம் அமெரிக்க உதவிப் பணத்தில் நடந்தது. வீட்டில் சைக்கிள் இருக்கிறதா, வானொலி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்ற அதன் விடைகளை வைத்துத்தான் ஆல்வின் யங் 2012இல், ஆப்பிரிக்கக் குடும்பங்களின் நுகர்வு அதிகாரபூர்வக் கணக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் வளர்கிறது என்று வாதிட்டார். பொருள்கள் மலிவானதைத்தான் அவர் வளர்ச்சி என்கிறார் என்று மறுத்தவர்களும் அதே தரவைத்தான் எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் வாஷிங்டன் அந்தப் பணத்தை நிறுத்தியது. நடந்துகொண்டிருந்த கணக்கெடுப்புகள் பாதியில் நின்றன. வேறு இடத்திலிருந்து கொஞ்சம் பணம் வந்து சில மறுபடி தொடங்கின.

நீங்கள் முதுகலை படிப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். போர்ட்டியஸின் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் நாடுகளில் பல பிரெஞ்சு பேசும் நாடுகள்: சாட், கினி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. உலகத்தின் பெரும்பாலான பொருளியல் மாணவர்களுக்கு அங்கே போக மொழியே முதல் தடை. புதுச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வறண்ட நிலமும் கூலியும் கைமாற்றும் என்னவென்று புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் பிரெஞ்சு வரும் என்றால், அல்லது ஓராண்டு உட்கார்ந்து கற்க மனம் இருந்தால், கென்யாவைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை சாட் நாட்டின் புள்ளியியல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பாருங்கள். அவர்களிடம் என்னென்ன கணக்கெடுப்புகள் கையில் இருக்கின்றன, அவற்றில் எதை இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று கேளுங்கள்.